தோற்காத எதிரி

“ஆடிப் பார்க்க வர்றவங்க எல்லாரும் பாதியிலேயே எழுந்து போயிடறாங்க, மேடம்” என்றார் வடுகநாதன்.

அவருக்கு நாற்பத்தாறு வயது. வங்கி மென்பொருள் வேலையை உதறிவிட்டு வீடியோ கேம் செய்ய வந்தவர். தன்னைவிட எட்டு வயது இளைய மெஹருன்னிசாவிடம்தான் தொழில் கற்றார்.

வாள்சண்டை ஆட்டம் ஒன்றில், கம்ப்யூட்டர் இயக்கும் எதிரியை உருவாக்குவது அவர் பொறுப்பு. பதினோரு மாதமாக அதே வேலை. வெள்ளிக்கிழமைக்குள் சரியாகாவிட்டால் அந்த எதிரியையே ஆட்டத்திலிருந்து தூக்கிவிடுவோம் என்று கம்பெனியில் சொல்லிவிட்டார்கள்.

மெஹருன்னிசா தன் வீட்டு மொட்டைமாடியில் அவருக்கு எதிரே உட்கார்ந்து, காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தார்.

“எதிரி சரியா சண்டை போடலையா?”

“போடாம என்ன? ஆடறவங்க பட்டனை அமுக்கின உடனே அவனுக்குத் தெரிஞ்சுடும். கத்தி மேல எழும்பறதுக்குள்ள தடுத்துடுவான்.”

“வேகத்தைக் குறைச்சீங்களா?”

“குறைச்சேன். சப்புன்னு இருக்குங்கறாங்க. கூட்டினா திட்டறாங்க.” வடுகநாதன் கண்களைத் தேய்த்துக்கொண்டார். “அலுத்துப்போச்சு மேடம். பழைய வேலைக்கே போயிடலாம்னு இருக்கு.”

மெஹருன்னிசா கையிலிருந்த போர்வையைக் கீழே வைத்தார்.

“கை கிரிக்கெட் ஆடலாமா?”

“இப்பவா?”

“நீங்கதான் பேட்டிங்.”

இருவரும் ஒரே நேரத்தில் விரல் நீட்ட வேண்டும். ஒரே எண் வந்தால் பேட்டிங் செய்பவர் அவுட். வேறு வேறாக வந்தால், அவர் நீட்டியது அவருக்கு ரன். கட்டைவிரல் மட்டும் என்றால் ஆறு.

வடுகநாதன் மூன்று நீட்டினார். மெஹருன்னிசாவும் மூன்று.

அவுட்.

ஐந்து நீட்டினார். ஐந்து.

இரண்டு. இரண்டு.

ஒவ்வொரு முறையும் மெஹருன்னிசாவின் கை துளி தாமதமாக வந்தது. ஒன்பதாவது முறை வடுகநாதன் கையை இழுத்துக்கொண்டார்.

“நான் போட்டதைப் பார்த்துட்டுப் போடறீங்க. அப்புறம் நான் எதுக்கு இங்க?”

மெஹருன்னிசா ஆமாம் என்று தலையசைத்தார்.

“சரி, ஒழுங்கா ஆடறேன். வாங்க.”

இந்த முறை இரண்டு கைகளும் சேர்ந்தே இறங்கின. நான்கு ரன். இரண்டு. ஐந்து. வடுகநாதன் தன்னையறியாமல் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். இருபத்தேழு ஆனது. துணிந்து கட்டைவிரலை உயர்த்தினார். ஆறு!

உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, அடுத்ததற்கு ஒரு விரலை நீட்டினார்.

மெஹருன்னிசாவும் ஒன்று.

“அய்யோ!” வடுகநாதன் தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். சிரித்து எத்தனை நாளாகிவிட்டது என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. “இன்னொரு ஆட்டம், மேடம்!”

பிறகுதான் கேட்கத் தோன்றியது.

“ஒண்ணுதான் போடுவேன்னு எப்படித் தெரிஞ்சது?”

“ஆறு அடிச்சதும் பயந்துட்டீங்க. உங்க முகத்தைப் பார்த்தேன்.”

“முதல்லயும் பார்த்துட்டுத்தானே போட்டீங்க?”

“அப்போ உங்களை எங்க பார்த்தேன்?” மெஹருன்னிசா போர்வையை எடுத்து மடிக்கத் தொடங்கினார். “விரலைத்தான் பார்த்தேன், உங்க எதிரி பட்டனைப் பார்க்கற மாதிரி.”