தொடாமல் பிடித்த ஆட்டம்

அரிசி ஆலை முதலாளி பொன்னுரங்கம் தன் கபடி அணியின் இரண்டு இளவட்டங்களைப் பக்கத்து ஊருக்குக் கொடுத்து, கோப்பைகள் பல வாங்கிய நாற்பது வயது மாயழகைக் கொண்டுவந்தார். புது ஆட்டக்காரன் ஒச்சப்பன் தனக்கும் ஓர் இடம் கேட்டான்.

"இவர் பாடி வரட்டும், பிடி. ஆனா மேல கை படக்கூடாது" என்று மாயழகைக் காட்டிச் சிரித்தார் முதலாளி.

பனி மூடிய களத்தில் மாயழகின் "கபடி கபடி" தாலாட்டுப்போல் மிதந்து வந்தது. ஒச்சப்பன் எட்டும் தூரத்தில் காலை நீட்டினான், மெல்லப் பின்வாங்கினான், மறுபடி நீட்டினான். தூக்கத்தில் நடப்பவர்போல மாயழகு பின்தொடர்ந்தார். கடைசிக் கோட்டருகே பாட்டு நின்றது. எதிராளி களத்தில் மூச்சு விட்டவர் அவுட்.

"தொடவே இல்லையேடா" என்றார் முதலாளி.

"கோப்பையெல்லாம் எண்ணிப் பாத்தீங்க மொதலாளி. ஒருவாட்டி மூச்சுப் பிடிக்கச் சொல்லிப் பாத்திருக்கலாம்."

அதைக் கேட்டு முதலில் சிரித்தவர் மாயழகுதான், அதுவும் இரைக்க இரைக்க.