வெறும் சிரட்டை

நாணற்குளத்தின் வடகரையில் ஓர் ஆமைக் குடும்பம். தென்கரையில் ஒரு முயல் குடும்பம். நடுவில் தண்ணீர்.

ஆமையின் பெயர் கச்சப்பன். மனைவி பெயர் வடிவு. முயலின் பெயர் மீரான். மனைவி பெயர் மைமூன். குட்டிகள் நாலு. நாலும் ஓர் இடத்தில் நிற்காது.

இரண்டு வீட்டுக்கும் சேர்த்து ஒரே ஒரு பாத்திரம். தேங்காய்ச் சிரட்டை. என்றோ வெள்ளத்தில் மிதந்து வந்தது. அந்தக் காட்டில் தென்னை கிடையாது. ஆகவே இன்னொரு சிரட்டையும் கிடையாது.

முயல்களுக்கு ஆண்டில் இரண்டு பெருநாள். முதல் பெருநாளுக்கு முன்னால் ஒரு மாதம் நோன்பு. பகல் முழுக்கப் பல்லில் புல் படாது. மாலையில் மேற்கே பிறை தெரிந்தால் மறுநாள் பெருநாள். அது முடிந்து இரண்டு மாதம் பத்து நாளில் இன்னொரு பெருநாள். ஆமைகளுக்கு ஒரே திருநாள்தான். குளம் நிறைந்து முதல் அல்லி பூக்கிற நாள். அன்று தண்ணீரைக் கும்பிட்டு, கிழங்கு தோண்டித் தின்பார்கள்.

பெருநாள் காலையில் முயல் வீட்டிலிருந்து சிரட்டை நிறையக் கோவைப்பழம் வரும். மேலே இரண்டு சொட்டுத் தேன். ஆமை வீட்டில் தின்றுவிட்டுக் கழுவி, அல்லிக்கிழங்கு வைத்துத் திருப்பிக் கொடுப்பார்கள். வந்த பாத்திரம் வெறுமையாகத் திரும்பக் கூடாது. அது குளக்கரை வழக்கம்.

அந்த ஆண்டு மழை இல்லை. குளம் வற்றியது. அல்லிக்கொடி கருகியது. கிழங்கு சுருங்கிச் சேற்றுக்கு அடியில் எங்கோ போய்விட்டது. கச்சப்பனும் வடிவும் சேற்றைக் கிளறி, நத்தை தின்று நாளைக் கடத்தினார்கள்.

பிறை இதையெல்லாம் பார்க்குமா? தெரிந்துவிட்டது. பெருநாளும் வந்தது. மீரான் சிரட்டையோடு வந்துவிட்டான்.

"பெருநாள் பங்கு, அண்ணே! ஈ மொய்க்கிறதுக்குள்ள சாப்பிடுங்க!"

சாப்பிட்டார்கள். ருசியாகத்தான் இருந்தது. வடிவு சிரட்டையைத் துடைத்து வைத்தாள். இனி இதில் எதை வைப்பது?

"இந்த வேரை வைச்சுக் கொடுங்களேன்" என்றாள்.

"காய்ஞ்ச வேரா? பெருநாள் பாத்திரத்திலா? சிரிப்பாங்க!"

"அப்போ சும்மா கொடுத்துட்டு வாங்க."

"வெறும் சிரட்டையா? உனக்குப் புத்தி இருக்கா?"

"எனக்கு இருக்கு" என்றாள் வடிவு.

கச்சப்பன் தலையை உள்ளே இழுத்துக்கொண்டான். ஆமைக்கு அது ஒரு வசதி. பதில் சொல்ல வேண்டியதில்லை.

மழை வரட்டும், கிழங்கு கிடைக்கட்டும், நிறைய வைத்துக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தான். மழை வரவில்லை. முதலில் தென்கரைக்குப் போவதை நிறுத்தினான். பிறகு அந்தத் திசையைப் பார்ப்பதையே நிறுத்தினான். மீரான் வடகரைப் பக்கம் வந்தால் அசையாமல் கல்லைப் போலக் கிடந்தான். ஒரு நாள் மீரான் அந்தக் கல்லின் மேல் ஏறி உட்கார்ந்து, காதைச் சொறிந்துவிட்டுப் போனான்.

இப்படியே இரண்டு மாதம் பத்து நாள் ஓடிவிட்டது. அடுத்த பெருநாள்!

காலையிலேயே காகம் வந்தது. அதன் பெயர் கரியன். ஊர் வம்புதான் அதற்கு வேலை.

"கச்சப்பண்ணே! வீட்டிலதானா? உமக்கென்ன, வீடு எப்பவும் முதுகிலதானே!"

"என்ன வேணும்?"

"எனக்கு ஒண்ணும் வேணாம். தென்கரையில ஒரு வேடிக்கை! பழமெல்லாம் எடுத்து வைச்சாச்சு. ஒருத்தரும் வாயில வைக்கலை. குட்டிங்க உட்பட வரிசையா உட்கார்ந்து உம்ம வீட்டையே பார்க்கிறாங்க!"

"எதுக்கு?"

"எதுக்கா? சிரட்டை எங்கே? உலகத்துல எல்லா ஆமைக்கும் ஓர் ஓடு. உமக்கு மட்டும் ரெண்டு!"

கச்சப்பனின் தலை உள்ளே போய்விட்டது. சண்டைக்குத்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். திருடன் என்று ஊரெல்லாம் சொல்லியிருப்பார்கள். இத்தனை வருஷத்துப் பழக்கம் போச்சு. ஒரு சிரட்டையால் போச்சு!

வடிவு ஓட்டைத் தட்டினாள்.

"கேட்டீங்களா? குட்டிங்க சாப்பிடலையாம்."

"என்னைத் திருடன்னு சொல்றாங்க!"

"அதைக் காக்கா சொல்லுச்சு. அவங்க சொல்லலை. பெருநாளும் அதுவுமா நாலு குட்டி பட்டினி கிடக்குது. எழுந்திரிங்க!"

அவள் சிரட்டையை எடுத்து அவன் முதுகில் கவிழ்த்தாள்.

"நடங்க. நானும் வர்றேன். உங்களைத் தனியா விட்டா வழியிலேயே கல்லாயிடுவீங்க."

நடந்தார்கள். காய்ந்த குளம் முழுக்க வெடிப்பு. கால் மாட்டும். சிரட்டை உருளும். வடிவு எடுத்து மறுபடி வைப்பாள். மேலே கரியன் கத்திக்கொண்டே வந்தது.

"அடுக்குச் சட்டி வருது! வழி விடுங்க!"

என்ன சொல்லிச் சமாளிப்பது என்று கச்சப்பன் யோசித்தான். காய்ச்சல் என்று சொல்லலாமா? இரண்டு மாதமாகவா? எலி தூக்கிப் போய்விட்டது, இன்றுதான் மீட்டேன் என்றால்? எலி வந்து சண்டை போடும். பாதிக் குளத்தைக் கடப்பதற்குள் பொய்யெல்லாம் தீர்ந்துவிட்டது. ஆமை நடைக்கு எந்தப் பொய் தாங்கும்?

உச்சி வெயிலில் போய்ச் சேர்ந்தார்கள்.

"உம்மா! சிரட்டை வந்துடுச்சு! வாப்பா! சிரட்டை!" குட்டிகள் குதித்தன.

மைமூன் ஓடி வந்தாள். முதுகிலிருந்த சிரட்டையை வெடுக்கென்று எடுத்தாள். கச்சப்பன் கண்ணை மூடிக்கொண்டான்.

அடி விழவில்லை. பொத், பொத் என்று வேறு ஏதோ விழுந்தது.

கண்ணைத் திறந்தான். சிரட்டை நிறையக் கோவைப்பழம். மேலே இரண்டு சொட்டுத் தேன்.

"இந்தாங்கண்ணே, பெருநாள் பங்கு! மதினி, நீங்களும் எடுங்க! சீக்கிரம் ஒரு வாய் வைங்க! நீங்க வைச்சாத்தான் இதுங்க வைக்கும்!"

கச்சப்பனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மீரான்தான் சொன்னான்.

"அடுத்த வீட்டுப் பங்கு போகாம எங்க வீட்டுல பெருநாள் அன்னைக்கு யாரும் வாய் வைக்கிறதில்லை, அண்ணே. பங்கு போறது சிரட்டையில. சிரட்டை இருக்கிறது உங்க வீட்டுல. காலையிலேருந்து உட்கார்ந்திருக்கோம்."

"இலையில வைச்சு அனுப்பியிருக்கலாமே!" என்றான் கச்சப்பன்.

"நானும் அதையேதான் சொன்னேன். இவ கேட்டாத்தானே!"

"எப்படி அனுப்புவேன்?" என்றாள் மைமூன். "இலையில அனுப்பினா, 'உங்களை நம்பி இனிப் பாத்திரம் தர மாட்டோம்'னு சொன்ன மாதிரி ஆகாதா?"

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே, தங்கச்சி!"

"பெருநாளுக்குக் கொடுத்த பாத்திரத்தைக் கேட்டு வாங்குறதா? நல்லா இருக்கே!"

இவர்களும் கேட்கவில்லை. அவனும் கொடுக்கவில்லை. இரண்டு பக்கமும் மரியாதை. நடுவில் நாலு குட்டிக்குப் பசி.

கச்சப்பன் கழுத்தைத் தொங்கப் போட்டான்.

"வைச்சுக் கொடுக்க வீட்டுல ஒண்ணும் இல்லை. அதான் வரலை."

"தெரியும்" என்றான் மீரான். "நீங்க கல்லாக் கிடந்தப்பவே தெரியும். எந்தக் கல்லுக்கு அண்ணே வால் இருக்கு?"

குட்டிகள் விழுந்து விழுந்து சிரித்தன. வடிவும் சிரித்துவிட்டாள்.

"இருந்தாலும் வெறும் சிரட்டையை எப்படி..." என்று இழுத்தான் கச்சப்பன்.

"வெறுமையா வந்தாத்தானே நான் எதையாவது வைக்க முடியும்?" என்றாள் மைமூன். "நிறைச்சுக் கொண்டு வந்திருந்தா என் பங்கை எங்கே வைப்பேன்? உங்க தலையிலயா? முதல்ல சாப்பிடுங்கண்ணே!"

கச்சப்பன் ஒரு பழத்தை எடுத்து வாயில் வைத்தான். அவ்வளவுதான். நாலு குட்டியும் பழத்தின் மேல் பாய்ந்தன.

மரத்திலிருந்து கரியன் கேட்டது: "எனக்கு?"

"உனக்கும் உண்டு. முதல்ல வாயை மூடு!" என்றாள் வடிவு.

"மூடினா எப்படித் தின்கிறது?"

"தின்னும்போது மட்டும் திற!"

மீதிப் பங்கைச் சிரட்டையோடு வடகரைக்குக் கொண்டுபோனார்கள். மறுநாளே கச்சப்பன் அதைத் துடைத்துத் தென்கரைக்கு எடுத்துப் போனான். வெறும் சிரட்டை. மீரான் இரண்டு கையாலும் வாங்கி வைத்துக்கொண்டான்.

ஐப்பசியில் மழை பிடித்தது. பிடித்தது என்றால் ஏழு நாள். குளம் தளும்பியது. சேற்றுக்கு அடியில் கிடந்த கிழங்கெல்லாம் உயிர் பிடித்தது. தை பிறப்பதற்கு முன் முதல் அல்லி பூத்தது.

ஆமைத் திருநாள்! விடிந்ததும் கச்சப்பன் தண்ணீரைக் கும்பிட்டான். மூழ்கிக் கிழங்கு தோண்டினான். கரையில் குவித்தான். அப்புறம்தான் ஞாபகம் வந்தது. சிரட்டை முயல் வீட்டில் இருக்கிறது. கேட்டு வாங்கலாமா, கூடாதா?

யோசித்து முடிப்பதற்குள் தண்ணீரில் ஏதோ மிதந்து வந்து அவன் மூக்கில் இடித்தது. சிரட்டை! தென்கரையிலிருந்து மைமூன் தள்ளிவிட்டிருந்தாள்.

எட்டி உள்ளே பார்த்தான். ஒன்றுமே இல்லை. வெறும் சிரட்டை.

கச்சப்பன் வாய் விட்டுச் சிரித்தான். ஆமை சிரித்ததைக் கரியனே அன்றுதான் பார்த்தது.

கொடுக்கத் தெரிந்தால் மட்டும் போதாது. கொடுக்க ஒன்றும் இல்லாத நாளில் வெறுங்கையோடு போய் நிற்கவும் தெரிந்தவனே நல்ல அண்டைவீட்டுக்காரன்.