பெயர் வெட்டிய டம்ளர்

ஆவுடையப்பன் தன் டம்ளரைக் கேட்டு வந்தார்.

அந்தக் குடி மறுவாழ்வு இல்லத்தில் ஒரு வழக்கம் உண்டு. சேர வருகிறவர் வீட்டில் எந்த டம்ளரில் குடித்தாரோ அதைக் கொண்டுவர வேண்டும். இருக்கும் நாளெல்லாம் அதில்தான் காப்பி. குணமாகிப் போகும்போது அலமாரியில் வைத்துவிட்டுப் போக வேண்டும். மறுபடி குடிப்பதென்று முடிவு செய்தால் வந்து கேட்கலாம். கொடுத்துவிடுவார்கள். தடுக்க மாட்டார்கள்.

இதுவரை கேட்டு வந்தவர்கள் இரண்டு பேர். இரண்டு பேரும் வாங்கிக்கொண்டு போனார்கள். ஒருவர் இப்போது இல்லை.

இல்லத்தை நடத்துகிற புஷ்பலீலாவுக்கு வயது நாற்பத்தொன்று. பள்ளிக்கூட வேலையைக் குடியால் இழந்தவள். குடியை விட்டுப் பன்னிரண்டு வருடம் ஆகிறது. ஆவுடையப்பனுக்கு ஐம்பத்தாறு. ஆனாலும் எல்லோரையும் போல அவரும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

"வாங்கண்ணே. சாப்பிட்டாச்சா?"

"டம்ளரை எடுங்க."

"எடுக்கேன். உட்காருங்க."

"உட்கார வரலை."

சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை உருவி மேஜையில் அறைந்தார்.

"பதினாலு மாசம். ஒரு சொட்டு கிடையாது. இருமல் மருந்தைக்கூட மோந்து பார்த்துட்டு வச்சுட்டேன். இதுல என்ன போட்டிருக்கு, படிங்க."

அவள் படிக்கவில்லை. அவளுக்குத் தெரியும். ஆராய்ச்சி டாக்டர்கள் இல்லத்துக்கு வந்து எல்லோரிடமும் இரண்டு தடவை ரத்தம் எடுத்திருந்தார்கள். சேர்ந்த வாரம் ஒரு தடவை, வருடம் முடிந்ததும் ஒரு தடவை. குடி மரபணுவை மாற்றுவதில்லை, ஆனால் அதன் மேல் குறிகளை வைத்துவிடுகிறது என்றார்கள். குடியை விட்டால் சில குறிகள் போகும். சில போகாது.

"நாலு குறி இருக்குன்னு போட்டிருக்கான். நாலு! நான் குடிகாரன்னு என் ரத்தமே எனக்கு எதிரா சாட்சி சொல்லுது."

"யாரு அப்படிச் சொன்னா?"

"ஸ்கூல் தாளாளர். திங்கக்கிழமையில இருந்து வேன் ஓட்ட வாங்கன்னு சொன்ன அதே ஆளு. லைசென்ஸைப் பார்த்தாரு, சரின்னாரு. குடிப்பழக்கம் உண்டான்னு கேட்டாரு. இருந்துச்சு, விட்டுட்டேன்னு சொல்லி இதை நீட்டினேன். நாலு இருக்கே, பிள்ளைங்க ஏறுற வண்டியாச்சேன்னு கையைக் கழுவிட்டு எந்திரிச்சுட்டாரு."

"நீங்களாவே நீட்டினீங்களா?"

"பின்னே? மறைக்காதீங்க, மறைக்காதீங்கன்னு தினமும் காலையில ஓதினது யாரு?"

"நான்தான்."

"அதான் நேரா இங்க வந்தேன்." அவர் குரல் உயர்ந்தது. "அங்கே வேன் ஓட்டுற ஒருத்தன் நேத்து சாயங்காலம் மதுக்கடை வாசல்ல நின்னு ஊறுகாய் நக்கிட்டு இருந்தான். அவன் ரத்தத்தை எவன் பார்த்தான்? குடிக்கிறவனுக்கு வேலை. விட்டவனுக்குக் காகிதம். என்ன நியாயம் டீச்சர் இது?"

"நியாயம் இல்லை."

"இல்லைன்னு சொன்னா ஆச்சா? எப்பப் போகும் இந்த நாலும்?"

"தெரியலை. டாக்டருக்கும் தெரியலை."

"உங்களுக்கு எத்தனை?"

"மூணு."

"பன்னிரண்டு வருஷம் ஆகியுமா?"

"ஆமா."

ஆவுடையப்பன் சிரித்தார். அது நல்ல சிரிப்பாக இல்லை.

"அப்போ என்னத்துக்கு இந்தப் பாடு? எடுங்க டம்ளரை."

அவள் எழுந்துபோய் அலமாரியைத் திறந்தாள். மேல்தட்டில் அவளுடைய டம்ளர் இருந்தது. பள்ளி ஆண்டு விழாவில் ஆசிரியர்களுக்கான ஓட்டப் பந்தயத்தில் வாங்கிய பரிசு. பக்கத்தில் அவருடையது. கல்யாணச் சீராக வந்த டம்ளர். பூரணம் என்று மனைவியின் பெயர் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். வாய் ஒரு பக்கம் நசுங்கியிருக்கும்.

அதை எடுத்து மேஜையில் வைத்தாள். வழக்கப்படி, ஒரு வார்த்தைகூடச் சொல்லித் தடுக்கவில்லை.

டம்ளருக்குள் ஏதோ கசங்கிக் கிடந்தது. அவர் விரல் விட்டு எடுத்தார்.

"என்னண்ணே அது?"

"ஒண்ணுமில்லை. முதல் தடவை எடுத்த ரத்தத்தோட காகிதம். போற அன்னைக்கு நான்தான் இதுக்குள்ள திணிச்சேன்."

"எத்தனை போட்டிருக்கு?"

அவர் காகிதத்தைப் பிரித்தார்.

"பதினொண்ணு."

"இதைத் தாளாளர்ட்ட காட்டினீங்களா?"

"இதையா? எனக்கென்ன கிறுக்கா? நாலுக்கே எந்திரிச்சுப் போனவன் பதினொண்ணைப் பார்த்தா போலீசைக் கூப்பிட்டிருப்பான்."

"மறைக்காதீங்கன்னு சொன்னேன்."

"எதை மறைச்சேன்? விடிஞ்சதும் குடிச்சதை இங்க எல்லார் முன்னாலயும் சொன்னேன். லாரியைப் பாலத்துல சாத்துனதைச் சொன்னேன். பூரணம் பொறந்த வீட்டுக்குப் போனதைக்கூடச் சொன்னேன்."

"இதை?"



அவள் அந்தக் காகிதத்தை வாங்கி மேஜையில் பரப்பினாள். உள்ளங்கையால் இரண்டு தடவை நீவினாள். அவர் கொண்டுவந்த காகிதத்தை அதன் பக்கத்தில் வைத்தாள்.

வெளியே வண்டியில் தேங்காய் விற்கிறவன் குரல் கொடுத்துக்கொண்டு போனான். ஆவுடையப்பன் குனிந்து, முதல் காகிதத்தில் விரல் வைத்து ஒவ்வொரு வரியாக இறங்கினார். பிறகு இரண்டாவதில். மறுபடி முதலில்.

"ஏழு," என்றார்.

விரலை எடுக்காமல் நிமிர்ந்தார்.

"ஏழு போயிருக்கு. அந்த ஆளு இதைப் பார்க்கவே இல்லையே."

"நீங்க காட்டலையே."

இரண்டையும் சேர்த்து மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். டம்ளரைத் தொடவில்லை. வாசல்வரை போனவர் நின்றார். முகத்தில் கோபம் அப்படியே இருந்தது.

"ரெண்டையும் பார்த்துட்டும் வேலை இல்லைன்னு சொன்னா?"

அவள் டம்ளரை எடுத்து அலமாரியில் வைத்தாள்.

"வந்து கேளுங்கண்ணே. உங்க டம்ளர் என்னோடது பக்கத்துலதான் இருக்கும்."