காத்தான் தோற்க விரும்பிய வழக்கு

மருதங்காட்டு ராஜா சிங்கபூபதிக்குத் தன் நீதியைப் பற்றி அபார கர்வம். தீர்ப்பு பிடிக்காத எவனும் அவரிடம் மனு கொடுத்து மேல்முறையீடு செய்யலாம். விசாரிக்கத்தான் அவருக்கு நேரம் கிடைக்காது. அவர் விசாரிக்கும் வரை மனு கொடுத்தவன் சிறையிலேயே கிடக்க வேண்டும். அந்த நாட்டு வழக்கம் அப்படி.

அரண்மனைத் தோட்டத்துப் பலாப்பழத்தைத் திருடியதாகக் காத்தானுக்குப் பொங்கல் வரை சிறை என்று தீர்ப்பானது. "விழுந்து கிடந்ததைத்தானே எடுத்தேன்!" என்று ராஜாவிடம் முறையிட்டான், பாவம். பொங்கல் வந்தது, போனது. அடுத்த பொங்கலும் போனது. அவன் உள்ளே போகும்போது மனைவி வயிற்றில் இருந்த பிள்ளை இப்போது தெருவில் ஓடுகிறது. அதற்கு அப்பன் முகம் தெரியாது.

ஒருநாள் சிறைப் பக்கம் வந்த அரசவை விதூஷகன் மருதப்பனைப் பார்த்ததும் காத்தான் கதறிவிட்டான்.

"சாமி, நான் திருடனாவே இருந்துட்டுப் போறேன். முறையீட்டைத் திருப்பிக் குடுக்கச் சொல்லுங்க. பிள்ளையைப் பார்த்தாப் போதும்."

மருதப்பனுக்கு மனசு கேட்கவில்லை. நேரே ராஜாவிடம் போய்ச் சொன்னான். ராஜா கொதித்தார்.

"என் நீதி வேண்டாமாமா? என்ன திமிர்! தீர்ப்புக் கேட்காமல் எவனும் எழுந்து போக முடியாது!"

"உத்தரவு மகாராஜா. ஒரு ஆட்டம் ஆடுபுலி போடலாமா?"

ராஜாவுக்கு அதில் பைத்தியம். புலி எப்போதும் அவருக்குத்தான். ஆட்டம் முடியாமல் யாரும் எழக்கூடாது என்பதும் அவர் போட்ட விதிதான். அவர் ஜெயிக்கும் நேரத்தில் எதிராளி நழுவிவிடக் கூடாதே!

அன்று மருதப்பனின் ஆடுகள் புலிகளை வளைத்துவிட்டன. ஒரு காயை நகர்த்தினால் கதை முடிந்தது. அவனோ காயைக் கையில் பிடித்தபடி உத்தரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். சமையற்கட்டிலிருந்து நெய்யில் வறுத்த முந்திரி மணத்தது.

"வையேன்யா!"

"யோசிக்கிறேன் மகாராஜா. அவசரப்பட்டால் ஆட்டத்துக்கு அவமரியாதை."

ராஜாவின் வயிறு இரைந்தது. மருதப்பன் இன்னும் யோசித்தான்.

"தோற்றேன்! ஒப்புக்கொள்கிறேன்! விடு, சாப்பிடப் போகிறேன்!"

"ஆட்டம் இன்னும் முடியவில்லையே?"

"தோற்றேன் என்று நானே சொன்ன பிறகும் என்னைப் பிடித்து உட்கார வைக்க நீ யாரடா?"

மருதப்பன் காயைக் கீழே வைத்தான். "அதைத்தான் காத்தானும் கேட்கிறான் மகாராஜா."

ராஜா காயையும் மருதப்பனையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். இலை போடுவதற்குள் காத்தான் விடுதலையாகி வீட்டைப் பார்த்து ஓடினான்.

"பலே மருதப்பா! உனக்குப் பெரிய பரிசு தரப்போகிறேன். என்ன வேண்டுமென்று என்னிடம் ஒரு மனு கொடு."

மருதப்பனுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"மனுவா? பரிசே வேண்டாம் மகாராஜா! என் வீட்டுக்காரியும் முழுகாமல் இருக்கிறாள்."