முக்கால் பங்கு ஆரோக்கியம்

தும்பைக்காட்டில் ஒரு சமையல் குழு இருந்தது. சாம்பாரில் அவர்களை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. மற்ற விஷயங்களில் அவர்களை அடிக்காமல் விட்டவர்கள் எல்லாம் பொறுமைசாலிகள். மாஸ்டர் மாசிலாமணி, காய் நறுக்கும் துரைக்கண்ணு, அடுப்பைப் பார்க்கும் இருளப்பன், பந்தியில் பரிமாறும் சொக்கலிங்கம் என்று மொத்தம் நான்கு பேர்.

குழுவுக்கு ஒரே ஒரு சட்டம். எது வந்தாலும் நான்கு சம பங்கு. வடை மிஞ்சினாலும் நாலு பங்கு, வசவு கிடைத்தாலும் நாலு பங்கு. போன வருஷம் இருளப்பனுக்குப் பல்வலி வந்தபோது மற்ற மூவரும் முறை வைத்துக் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். வலி குறைந்ததா என்று இருளப்பனை யாரும் கேட்கவில்லை. அவ்வளவு நம்பிக்கை.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த நேரத்தில், ஆவணி மாதக் கல்யாணம் ஒன்றுக்கு நானூறு இலைச் சமையல் பேசி முடிந்தது. மண்டபத்து முதலாளி கனகசபாபதி ஒரு நிபந்தனை போட்டார். பக்கத்து ஊரில் ஒரு மாஸ்டர் கொதிக்கிற பாயசத்துக்குப் பக்கத்தில் மயங்கி விழுந்திருந்தார். அதனால் டாக்டரிடம் உடல்தகுதிச் சான்றிதழ் வாங்கி வராத ஆள் தன் மண்டபத்தில் கரண்டியைத் தொடக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

டாக்டர் அமுதவல்லி மாசிலாமணியின் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்துப் பார்த்தார். ரத்த அழுத்தம் நூற்று எண்பது.

"நூத்தி நாப்பதுக்குக் கீழ வந்தாத்தான் கையெழுத்துப் போடுவேன். இருபத்தோரு நாள் டைம். உப்பப் பாதியாக் குறைங்க. அப்பளம், ஊறுகாய், கருவாடு கூடாது. தினம் அரைமணி நேரம் நடங்க. காலையில ஒரு மாத்திரை. அப்புறம், விளம்பரத்தப் பாத்துட்டு சத்துப் பொடி, சத்து மாத்திரைன்னு எதையும் என்னக் கேக்காம வாங்காதீங்க."

மாசிலாமணிக்குக் கரண்டிதான் ஞாபகம் வந்தது. முப்பது வருஷமாகப் பிடித்த கரண்டி. அது போனால் வீட்டில் அவர் செய்வதற்கு ஒரு வேலையும் இல்லை. அவர் மனைவி அவரைச் சமையலறைப் பக்கம் விடுவதே கிடையாது.

அன்று சாயங்காலமே குழு கூடியது.

"மாஸ்டருக்கு வந்தா நமக்கு வந்த மாதிரி," என்றார் துரைக்கண்ணு. "முதல்ல நடையப் பிரிப்போம். முப்பது நிமிஷத்த நாலால வகுத்தா ஆளுக்கு ஏழரை."

"ஏழரையா?" என்று இருளப்பன் முகம் சுளித்தார். "எனக்கு இப்பத்தான் ஏழரைச் சனி விட்டுச்சு. மறுபடியும் அந்தக் கணக்கே வேணாம்."

நெடுநேரம் யோசித்து, மாஸ்டருக்கு ஏழு நிமிஷம், அவருடைய அரை நிமிஷத்தைச் சொக்கலிங்கம் சேர்த்து நடப்பது, சனி பகவானை இருளப்பனே சமாளித்துக்கொள்வது என்று முடிவானது. மாசிலாமணி வீட்டிலிருந்து ஏழு நிமிஷம் நடந்தால் சரியாக பஜ்ஜிக் கடை வரும். வந்தபிறகு சும்மா நிற்க முடியுமா? நாலு பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு ஆட்டோவில் வீடு திரும்புவார்.

"ஏன் மாஸ்டர், திரும்பியும் நடந்தே வரலாமே?" என்று ஆட்டோக்காரர் ஒருநாள் கேட்டுவிட்டார்.

"வந்தா பதினாலு நிமிஷம் ஆயிடும். அடுத்தவன் பங்க எடுக்கிற புத்தி எனக்குக் கிடையாது," என்றார் மாசிலாமணி.

உப்பைக் குறைப்பதில் ஒரு சிக்கலும் இல்லை. மாஸ்டர் குறைத்த உப்பை வீணாக்காமல் மற்ற மூவரும் தங்கள் சோற்றில் போட்டுக்கொண்டார்கள். அப்பளத்துக்கும் வழி பிறந்தது. நாலு அப்பளம் பொரித்து, ஒவ்வொன்றிலும் கால்வாசி மட்டும் மாஸ்டர் சாப்பிட்டார். முழு அப்பளம் ஒன்றைக்கூட அவர் தொடவில்லை என்று மூன்று பேரும் சாட்சி சொன்னார்கள். கட்டுப்பாடு என்றால் அப்படி ஒரு கட்டுப்பாடு.

பத்தாவது நாள் செய்தித்தாளுக்குள்ளிருந்து ஒரு துண்டுக் காகிதம் விழுந்தது. 'அஸ்வராஜா சத்துப் பொடி. ரத்தம் குளிரும், நரம்பு முறுக்கேறும்.' சொக்கலிங்கம் உடனே டாக்டருக்குப் போன் போட்டார்.

"டாக்டரம்மா, அஸ்வராஜா பொடி வாங்கலாமா?" என்று கேட்டுவிட்டுப் போனை வைத்தார்.

"என்ன சொன்னாங்க?" என்றார் இருளப்பன்.

"கேக்காம வாங்காதீங்கன்னாங்க. கேட்டாச்சு. பதில் வர்ற வரைக்கும் லைன்ல நிக்கணும்னு சொல்லவே இல்லையே."

இவ்வளவு நுணுக்கமாக டாக்டர் பேச்சைக் கேட்கிற நோயாளி வேறு எங்கே கிடைப்பார்? டப்பாவில் 'ஒரு கரண்டி பொடியைப் பாலில் கலக்கவும்' என்று போட்டிருந்தது. அவர்களுக்குத் தெரிந்த கரண்டி சாம்பார் கரண்டிதான். நான்கு பேரும் ஆளுக்கு ஒரு கரண்டி குடித்தார்கள். அடுத்த இரண்டு நாளும் அவர்கள் நடந்த நடையில் டாக்டர் சொன்ன அரைமணி நேரம் தாராளமாகத் தேறியிருக்கும். ஆனால் எல்லாம் கொல்லைப்பக்கம் போய்வந்த நடை என்பதால் கணக்கில் சேர்க்கவில்லை.

இருபத்தோராம் நாள் டாக்டர் மறுபடி காற்றடித்துப் பார்த்தார். நூற்று எழுபத்திரண்டு.

"மாத்திரை போட்டீங்களா?"

"ஒருநாள்கூட விடல டாக்டரம்மா. நாலு பேரும் போட்டோம்," என்றார் துரைக்கண்ணு. "நான்தான் காய் நறுக்குற கத்தியால சரிசமமா நாலா வெட்டுனேன்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். அந்தக் கால் மாத்திரைக்காரர்களுக்கு ஒன்றும் ஆகிவிடவில்லையே என்ற பயத்தில் மற்ற மூவரையும் உட்கார வைத்துச் சோதித்தார். நூற்றுப் பதினெட்டு, நூற்று இருபத்திரண்டு, நூற்று இருபது.

சொக்கலிங்கம் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். பிறகு சபையில் பேசுகிறவர் மாதிரி எழுந்து நின்றார். "எல்லாத்தையும் கூட்டி நாலால வகுத்தா நூத்தி முப்பத்திமூணு வருது டாக்டரம்மா. நூத்தி நாப்பதுக்குக் கீழதான் இருக்கு. கையெழுத்துப் போட்டுடுங்க."

"ரத்த அழுத்தத்துல பங்கு கிடையாதுங்க," என்றார் டாக்டர். "இவரு மூளையில ரத்தக் குழாய் வெடிச்சா, உங்க மூணு பேருக்கும் ஆளுக்குக் கால்வாசி வெடிக்காது. முழுசா இவருக்குத்தான் வெடிக்கும்."

மாசிலாமணி அழுதுவிட்டார். மற்ற மூவரும் சும்மா இருப்பார்களா? ஆளுக்குக் கால் பங்கு அழுதார்கள்.

அழுகைச் சத்தம் வெளியே வரிசையில் இருந்தவர்களைக் கலைத்துக்கொண்டிருந்தது. டாக்டர் ஒரு முழு மாத்திரையைத் தன் கண் முன்னாலேயே மாசிலாமணியை விழுங்கவைத்தார். "இவங்க மூணு பேரும் ஆரோக்கியமா இருக்காங்க. இவங்களுக்கு எழுதித் தர்றேன். இவங்க சமைக்கட்டும். நீங்க நாற்காலி போட்டு உக்காந்து வாயால சொல்லுங்க, போதும்," என்று மூன்று சான்றிதழ்களை எழுதிக் கொடுத்து அனுப்பினார். நல்ல யோசனைதான். நாலு பேரிடம் மூன்று காகிதத்தைக் கொடுத்தது மட்டும்தான் அவர் செய்த தவறு.

வீட்டுக்கு வந்ததும் துரைக்கண்ணு கத்தியைத் தீட்டினார். ஒவ்வொரு சான்றிதழையும் நாலு துண்டு. ஒவ்வொருவருக்கும் மூன்று துண்டு. சோற்றுப் பசை தடவி ஒட்டியபோது மாசிலாமணியின் பங்கில் துரைக்கண்ணுவின் பெயர், இருளப்பனின் ரத்த அழுத்தம், டாக்டரின் கையெழுத்து மூன்றும் அமைந்துவிட்டன. பார்த்தவர்கள் பொறாமைப்படுகிற உடம்பு.

கனகசபாபதி அந்தக் காகிதங்களைக் கண்ணாடி போட்டு ஆராய்ந்தார். அவரும் தும்பைக்காட்டுக்காரர்தான் என்பதை மறந்துவிடக் கூடாது.

"எல்லாம் சரி, அடியில கால்வாசிக் காகிதம் குறையுதே?"

"உள்ளதச் சொல்லிடறேன் முதலாளி," என்றார் மாசிலாமணி. "எங்க நாலு பேருக்குமே முக்கால் பங்குதான் உடம்பு சரியா இருக்கு."

முதலாளி அந்த நேர்மையில் உருகிப்போனார். "அப்ப அந்த முக்கால் பங்குக்கு மேல ஒரு கரண்டிகூடத் தொடக்கூடாது. நான் கண்டிப்பான ஆளு."

கல்யாணத்தன்று சமையல் மணத்தது. மாசிலாமணி கையில் மறுபடி கரண்டி. அவருடைய சந்தோஷத்தைப் பார்த்துப் பாயசமே கொஞ்சம் கூடுதலாக இனித்தது என்று சாப்பிட்டவர்கள் சொன்னார்கள். முந்நூறாவது இலைக்கு மோர் ஊற்றியதும் நான்கு பேரும் அடுப்பை அணைத்தார்கள். கோணிப்பைகளை விரித்தார்கள். வரிசையாகப் படுத்துத் துண்டால் கழுத்துவரை போர்த்திக்கொண்டார்கள்.

கடைசிப் பந்தியில் மணமக்களும் சொந்தக்காரர்களுமாக நூறு பேர் வெறும் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு அடுக்களைக்குள் வேகமாக வந்தார்.

"என்னய்யா இது, நாலு பேரும் படுத்துக் கிடக்கீங்க?"

"மிச்சமிருக்கிற கால் பங்குக்கு எங்களுக்கு உடம்பு சரியில்லைங்க," என்று மாசிலாமணி ஈனக் குரலில் சொன்னார்.

பக்கத்தில் படுத்திருந்த துரைக்கண்ணு மாப்பிள்ளையின் அப்பாவுடைய இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மனம் நொந்து கேட்டார்.

"நோயாளியப் பாக்க வர்றீங்க, ஒரு சாத்துக்குடிகூட வாங்காமயா வருவீங்க?"