மகுடபதியின் குவாண்டம் மிஷின்

திருப்பூரில் ஒரு ஹோட்டல் அரங்கம் நிரம்பி வழிந்தது. கோட்டு போட்ட மகுடபதி மேடையில் முழங்கினார். "குவாண்டம் கம்ப்யூட்டர் வந்தாச்சு! உங்க டிஜிட்டல் பணம் இருக்கிற கிரிப்டோ வாலட்டைக் கண்ணிமைக்கிற நேரத்துல உடைச்சிரும். என்கிட்டயே அப்படி ஒரு மிஷின் இருக்கு. அதனால, உங்க வாலட்டைத் திறக்கிற பன்னிரண்டு ரகசியச் சொற்களை இந்த ஃபாரத்துல எழுதிக் குடுங்க. பத்திரமான இடத்துக்கு நான் மாத்தித் தரேன்."

பனியன் கம்பெனி முதலாளிகள் அவசரமாகப் பேனாவைத் தேடி எழுதிக் கொடுத்தார்கள். ஓரத்தில் மைக் செட் பார்த்துக்கொண்டிருந்த செவ்வந்தியும் எழுந்து வந்தாள். அவள் சேமிப்பு மொத்தமும் கிரிப்டோவில்தான் இருந்தது. ஒரு ஃபாரத்தை வாங்கியவள், எழுதப்போய் நிறுத்தினாள்.

"ஏனுங்க சார், உங்க மிஷின் எந்த வாலட்டையும் திறந்துருமுங்களா?"

"திறந்துரும். அதுல என்ன சந்தேகம்?"

"அப்ப என்னோடதைத் திறங்க. வாலட் முகவரி தரேன். பன்னிரண்டும் வேண்டாமுங்க, முதல் சொல்லை மட்டும் சொல்லுங்க."

மகுடபதிக்கு முகம் சிவந்தது. "மைக் செட் போடறவளுக்கு குவாண்டத்தைப் பத்தி என்ன தெரியும்? வாயை மூடு!"

"ஒண்ணும் தெரியாதுங்க. உடைக்கத் தெரிஞ்சவர் எதுக்குச் சாவி கேக்கறீங்கன்னுதான் புரியல."

அடுத்த கணம், ஃபாரம் கொடுத்தவர்கள் எல்லாரும் அதைத் திரும்பப் பிடுங்க மேடைக்கு ஓடினார்கள்.

"அப்ப குவாண்டத்தால ஆபத்தே இல்லையாம்மா?" என்றார் ஒரு முதலாளி.

"ஒருநாள் வரலாமுங்க. வந்தா பூட்டை மாத்திக்கலாம். சாவியையே இவர் கையில குடுத்துட்டா எதை மாத்தறது?" என்றவள், தன் ஃபாரத்தை மகுடபதியின் கண்ணெதிரே நாலாகக் கிழித்தாள்.