மண்மேட்டில் நின்ற மான்குட்டி

ஒரு காட்டில் கோடை வந்தால் தீயும் கூடவே வந்துவிடும், குழந்தைகளே. காட்டின் நடுவே ஒரு பெரிய பள்ளம் இருந்தது. அதைத் தாண்டி அக்கரை போனால்தான் உயிர் பிழைக்கலாம்.

அங்கே மான்குட்டிகளுக்கு ஓர் உயர்நிலைப் பள்ளி இருந்தது. வாசலில் ஒரு வேங்கை மரம், அதில் ஒரு கோடு. குட்டியின் தலை கோட்டைத் தொட்டால், பள்ளத்தைத் தாண்டும் வலு வந்துவிட்டது என்று பொருள். தொடாத குட்டிகளை கோடை முற்றுமுன்பே யானை ராஜா நெடுந்தூரச் சுற்றுவழியாக அக்கரைக்கு அனுப்பிவிடும்.

வளரும் உடம்புக்கு வேண்டுமென்று கிழங்கும் பயறும் பழமும் ராஜா அனுப்பியது. பங்கிட வைத்ததோ ஒரு காட்டுப்பன்றியை. நல்ல ஆளாகத்தான் பார்த்து வைத்தார்கள். கிழங்கெல்லாம் பன்றியின் வயிற்றுக்குப் போனது. குட்டிகளுக்குச் சருகுதான் மிஞ்சியது.

மருதி என்ற மானின் மகள் தும்பை அங்கே படித்தாள். ஒருநாள் அவள் விலா எலும்பு துருத்தித் தெரிய வந்து நின்றாள்.

"எப்பவும் பசிக்குதும்மா. ஓடினா கண்ணு இருட்டுது."

மருதி பன்றியிடம் ஓடினாள். "பிள்ளை இப்படி இளைச்சிருக்காளே ஐயா."

"வளர்ற வயசுல ஒல்லியாத்தான் இருக்கும். நாளைக்கு அளவு பார்க்கிறாங்க, நீயே வந்து பாரு" என்றது பன்றி. அவள் போனதும் மரத்தடி மண்ணை மூக்கால் கிளறி மேடாக்கியது.

மறுநாள் ராஜா தூரத்து நிழலில் நின்று தலைகளை மட்டும் பார்த்தது. மேட்டில் ஏறிய எல்லாக் குட்டிகளும் கோட்டைத் தொட்டன. தும்பையும் தொட்டாள்.

புதுமண் மருதியின் கண்ணில் பட்டது. ஆனால் ஊரே பார்க்கும்போது தன் மகள் தேறவில்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

"பயமா இருக்கும்மா. நான் சுத்துவழியிலேயே போயிடுறேனே."

"தேறினவ சுத்துவழியில போனா நாலு பேர் சிரிப்பாங்க. சும்மா இரு."

அந்த வருடம் எந்தக் குட்டியும் சுற்றுவழியில் போகவில்லை. பன்றி மட்டும் முன்னதாகவே போய்விட்டது.

சித்திரையில் தீ வந்தது. "என் பின்னாடியே வா" என்று மருதி ஒரே பாய்ச்சலில் அக்கரை சேர்ந்தாள். தும்பை விளிம்பில் நின்றுவிட்டாள். அவள் வாலருகே புகை சுருண்டது.

"என்னால முடியாதும்மா."

"முடியும். கோட்டைத் தொட்டவதானே நீ. தாண்டு."

தும்பை அம்மாவின் பேச்சைத் தட்டியதே இல்லை. தாண்டினாள். பாதிப் பள்ளம் வரைக்கும்தான் அவள் உடம்பில் தெம்பு இருந்தது.

பள்ளிக்கூடத்துக் குட்டிகளில் ஒன்றுகூட அக்கரை சேரவில்லை.

"எல்லாரும் கோட்டைத் தொட்டாங்களே, மருதி. நான் பார்த்தேனே" என்று ராஜா அழுதது.

"காலடியில மேடு இருந்துச்சு ராஜா" என்றாள் மருதி. "அதை நான் பார்த்தேன்."

நீதி: பிள்ளையின் பசியை மறைத்துப் பெற்ற பெருமை பிள்ளையைக் காப்பாற்றாது.